மரச்செருப்பும் கார்க் திருகியும்

கொதிக்கிற கொப்பரைக்குள் எட்டிப் பார்க்கும்போது தலையில் தொப்பி இருக்கக் கூடாது. லஸாருக்கு இது தெரியும். தெரிந்தும் எட்டிப் பார்த்தான். அவன் தலையிலிருந்த சிவப்புக் கம்பளித் தொப்பி, இத்தனை நாள் இதற்காகவே காத்திருந்தது போல மெல்லக் கழன்று, ஆவிக்குள் ஒரு குட்டிக்கரணம் போட்டு, பீருக்கான பார்லிக் கஷாயத்தின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது.

"அடப்பாவி!" என்றான் லஸார். தொப்பியைத்தான் சொன்னான்.

துடுப்பை எடுத்துத் துழாவினான். தொப்பி மூழ்கியது. இந்தப் பக்கம் மூழ்கி அந்தப் பக்கம் எழுந்தது. அந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கம் எழுந்தது. கொப்பரையைச் சுற்றி அவன் பிரதட்சிணம் செய்துகொண்டிருக்கையில் முற்றத்திலிருந்து மனைவி ஒடீலின் குரல் வந்தது.

"என்னங்க, கசப்புக்கு ஹாப் பூ போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு! எல்லாம் போட்டாச்சு!"

ஒருவழியாக அது துடுப்பில் சிக்கியபோது நன்றாகவே வெந்திருந்தது. பூனைக்குப் போட்டால் சரியாக இருக்கும் என்கிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. சிவப்பு முக்கால்வாசி போய்விட்டிருந்தது. போன சிவப்பு எங்கே போனது என்று யோசிக்க லஸார் விரும்பவில்லை. தொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குழி தோண்டிப் புதைத்தான். திரும்பும்போது காய்ச்சும் அறையின் சின்ன ஜன்னல் பக்கம் யாரோ நகர்ந்தது போலிருந்தது. போய்ப் பார்த்தான். ஒருவருமில்லை. பைப் புகையிலை வாசனை மட்டும் இருந்தது.

அந்த வீட்டில் பைப் பிடிப்பவர் ஒருவர்தான். மாமனார் அஷீல்.

சாதாரண நாளாக இருந்தால் ஒரு தொப்பி வெந்ததற்கு இவ்வளவு பதற வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கொப்பரையில் கொதித்துக்கொண்டிருந்தது லஸாரின் வாழ்க்கை.

லஸார் தெற்கே பர்கண்டியில், ஒயின் தவிர மற்றதெல்லாம் மருந்து என்று நம்பும் குடும்பத்தில் பிறந்தவன். பெல்ஜிய எல்லையோரத்து இந்தப் பண்ணைக்கு மருமகனாக வந்து இருபது வருஷமாகப் போகிறது. இன்னும் ஊரில் அவன் பெயர் "ஒயின் மாப்பிள்ளை". மனைவி வீட்டில் தலைமுறை தலைமுறையாக வைப்பு பீர் காய்ச்சுகிறார்கள். குளிர்காலத்தில் காய்ச்சி, பாட்டிலில் அடைத்து, நிலவறையில் படுக்க வைத்துவிடுவார்கள். ஈஸ்டர் திங்கள்வரை யாரும் தொடக் கூடாது. காய்ச்சுவது பாதி வேலை, காத்திருப்பது மீதி வேலை என்பார் அஷீல். இரண்டையும் லஸாரிடம் ஒப்படைத்ததே இல்லை. இருபது வருஷமாக அவன் பாட்டில் கழுவினான்.

அந்த வருஷம் அஷீலின் முட்டி தேய்ந்துவிட்டது. லீல் நகரத்திலிருந்து ஒருவர் வந்து, தன் உணவு விடுதியின் வாசலில் வைத்துச் செடி வளர்க்க அந்தச் செப்புக் கொப்பரையை விலைக்குக் கேட்டார். அதற்குப் பிறகு புனித நிக்கோலாஸ் பண்டிகை விருந்தில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அஷீல் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"இந்தக் குளிருக்கு மாப்பிள்ளை ஒரு கொப்பரை காய்ச்சட்டும். நான் ஒரு கொப்பரை. ஈஸ்டர் திங்களன்னிக்கு ஊர்க்காரங்க ரெண்டையும் குடிச்சுச் சொல்லட்டும். தேறினா கொப்பரையும் சாவியும் மாப்பிள்ளைக்கு. தேறலேன்னா லீல்காரனுக்கு. பேச்சு முடிஞ்சுது."

அன்று பாத்திரம் கழுவும்போது ஒடீல் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அந்தக் கொப்பரை இங்கேருந்து போச்சுன்னா, என்னையும் அதுலயே நட்டுடுங்க."

அப்படிப்பட்ட கொப்பரையில்தான் தொப்பி விழுந்தது.

*

புத்தாண்டு அன்று அஷீல் எல்லோருக்கும் பரிசு கொடுத்தார். மகளுக்குச் சால்வை. மகன் ஒனோரேக்குக் கையுறை. லஸாருக்கு ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி.

லஸாருக்குக் காது மடல் வியர்த்தது.

"எனக்கு... எதுக்கு மாமா தொப்பி?"

"ம்" என்றார் அஷீல்.

இது அவருடைய வழக்கமான பதில். அந்த வட்டாரத்தில் நேரான பதில் என்பது பல் டாக்டரிடம்கூடக் கிடைக்காது. அதிலும் அஷீல் ஒரு படி மேலே. ஆமாம் என்றாலும் "ம்". இல்லை என்றாலும் "ம்". ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் "மோசமில்ல". தன் கல்யாணத்தைப் பற்றியும், போர் முடிந்ததைப் பற்றியும், பந்தயத்தில் முதலாவதாக வந்த புறாவைப் பற்றியும் அவர் சொன்னது அதைத்தான். "நல்லாயிருக்கு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர் யாருமில்லை.

"பழசு எங்க அத்தான்? கொஞ்ச நாளாவே காணோமே" என்று கேட்டான் ஒனோரே, ஒன்றும் அறியாதவன் போல.

"காத்துல போயிடுச்சு."

"எந்தக் காத்துல? போன மாசம் காத்தே அடிக்கலையே."

"நீ தூங்கிட்டிருந்திருப்பே" என்றான் லஸார். இது நியாயமான பதில்தான். ஒடீலின் தம்பி ஒனோரே, வேலை என்ற சொல் காதில் விழுந்ததும் மறைந்துவிடுகிறவன். எங்கே போகிறான் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது முகத்தில் ஒரு நிறைவும் முதுகில் கொஞ்சம் சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும்.

பீரைப் பாட்டிலில் அடைத்து நிலவறைக்குள் இறக்கினார்கள். செங்கல் வளைவுக்குக் கீழே எதிரெதிராக இரண்டு மாடங்கள். ஒன்றில் அஷீலின் பீர், இன்னொன்றில் லஸாரின் பீர். பாட்டில்கள் எல்லாம் ஒரே அச்சு. ஒட்டுச்சீட்டு ஒட்டுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அடையாளத்துக்கு அஷீல் தன் மாடத்தின் மேல் தன்னுடைய பழைய மரச்செருப்பு ஒன்றைத் தொங்கவிட்டார். மருமகனின் மாடத்துக்கு மேல், ஒயின் பாட்டில் தக்கையைத் திருகி எடுக்கும் கார்க் திருகி ஒன்றைத் தொங்கவிட்டார்.

"ஒயின் ஊர்க்காரருக்குப் பொருத்தமா இருக்கட்டும்" என்றார். பிறகு கதவைப் பூட்டி, சாவியைக் கூடத்துப் பெரிய கடிகாரத்துக்குள் மாட்டினார்.

பிப்ரவரியில் லீல்காரர் மறுபடியும் வந்தார். அளவு நாடாவால் கொப்பரையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். அஷீல் அவருக்குக் காபி கொடுத்தார். இரண்டு சர்க்கரைக் கட்டியும் கொடுத்தார். லஸார் ஜன்னல் வழியாக அந்த இரண்டாவது சர்க்கரைக் கட்டியைப் பார்த்தான். இருபது வருஷத்தில் மாமனார் யாருக்கும் இரண்டாவது கட்டி கொடுத்ததில்லை.

*

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்தோலை ஞாயிறன்று, அஷீல் முட்டி வலி என்று சொல்லிக் கோயிலுக்கு வரவில்லை. லஸாரும் ஒடீலும் பூசை முடிந்து கையில் மந்திரித்த கிளையோடு திரும்பியபோது, அவர் சமையலறை நாற்காலியில் வில்லாக வளைந்து உட்கார்ந்திருந்தார். கால்சட்டை முட்டியில் செங்கல் தூள்.

"முட்டி எப்படி இருக்கு மாமா?"

"ம்."

"புருவத்துல சிலந்தி வலை இருக்கு."

"வயசானா வளரும்."

லஸார் கடிகாரத்தைப் பார்த்தான். அதன் கண்ணாடிக் கதவு சரியாக மூடப்படாமல் கொஞ்சம் திறந்திருந்தது.

மத்தியானம் ஒடீல் தைலப் புட்டியோடு வந்தாள். "அப்பாவுக்கு மறதி ரொம்ப ஆகிப்போச்சுங்க. முட்டி வலின்னுட்டு முதுகுல தேய்க்கச் சொல்றாரு."

"மறதி இல்ல ஒடீல். உங்கப்பா நிலவறைக்குள்ள போயிருக்காரு."

"அவரு நிலவறை. போகட்டுமே."

"ஈஸ்டர்வரைக்கும் யாரும் போகக் கூடாதுன்னு சொன்னதே அவருதானே? என் பாட்டிலை என்னவோ பண்ணியிருக்காரு. ஒவ்வொண்ணா எடுத்துக் குலுக்கியிருப்பாரு. அடி வண்டல் கலங்கிச்சுன்னா பீரு அவ்வளவுதான்."

"எதுக்காகப் பண்ணுவாரு?"

"கொப்பரையை விக்கத்தான்! லீல்காரனுக்கு ரெண்டு சர்க்கரை போட்டாரு, நீ பாக்கல?"

ஒடீல் தைலப் புட்டியை மூடினாள். "விக்கணும்னா நேரா வித்துட்டுப் போறாரு. உங்களைப் பாத்துப் பயப்படுற ஆளா அவரு?"

"அப்ப எதுக்குப் போனாரு? நீயே கேட்டுச் சொல்லு."

ஒடீல் போய்க் கேட்டாள். திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"ம்-னாரு."

அந்த வாரம் முழுக்க லஸாருக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் பாட்டில் குலுங்கியது. மாமனார் உப்பை எடுத்தால் சந்தேகம். மாமனார் தும்மினால் சந்தேகம். ஒருநாள் அவர் பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் நின்று தரையை முறைத்துக்கொண்டிருந்தார். லஸார் தொப்பியைப் புதைத்த அதே இடம். மனிதர் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

*

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. பந்தயப் புறாக்களைக் கூடையில் அடைக்க அஷீல் மதுக்கடைப் பக்கம் போனார். புறாக்காரர்கள் கூடினால் லேசில் கலைய மாட்டார்கள். லஸார் கடிகாரத்தைத் திறந்து சாவியை எடுத்தான்.

நிலவறையில் கைவிளக்கை உயர்த்திப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கார்க் திருகிக்குக் கீழே இருந்த பாட்டில்களில் தூசி மேல்பக்கம் இருக்க வேண்டும். இருந்தது பக்கவாட்டில். சிலவற்றில் அடிப்பக்கம். யாரோ எல்லாவற்றையும் கையில் எடுத்திருக்கிறார்கள். போதாததற்கு, அடுக்கின் பின்வரிசையில் சில பாட்டில்களே இல்லை. எடுத்துக் கலங்கடித்தது மட்டுமல்ல, திருட்டு வேறு!

"மாமா, மாமா" என்று லஸார் இருட்டைப் பார்த்துத் தலையாட்டினான். "நீங்க ஒண்ணு நெனச்சா நான் ரெண்டு நெனப்பேன்."

வழி சுலபமாகத்தான் தெரிந்தது. மரச்செருப்பு மாடத்தில் இருப்பது மாமனாரின் பீர். அவர் தன் பீரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். அதையெல்லாம் தன் மாடத்துக்கு மாற்றிவிட வேண்டும். கெட்டுப்போன தன் பீரை மரச்செருப்புக்குக் கீழே அடுக்கிவிட வேண்டும். ஒன்றிரண்டை மாற்றினால் போதாது, ஏனென்றால் திங்களன்று விருந்தாளி ஒருவர்தான் கீழே இறங்கி, கைக்கு வந்த பாட்டிலை எடுத்து வருவார். அதுதான் வழக்கம். ஆகவே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

மாற்றத் தொடங்கினான். குனிந்தான், எடுத்தான், நடந்தான், குனிந்தான், வைத்தான். மனசாட்சி ஒரு பக்கம் குத்தியது. முதுகு இன்னொரு பக்கம் குத்தியது. நடுவில் பெரிய பீப்பாய்க்குப் பின்னாலிருந்து கர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்து, பாட்டில் மோதிய ஓசையில் சட்டென்று நின்றது. பழைய மரம் குளிரில் முனகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்த பாட்டிலை எடுத்தான்.

அவன் கணக்கில் ஒரு பிழை இருந்தது. கோயில் மணியை வைத்து நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான். ஆனால் பெரிய வியாழன் முதல் மணிகள் ரோமாபுரிக்குப் போய்விடும், ஈஸ்டர் காலையில்தான் திரும்பி வரும் என்பது ஊர் வழக்கு. அதுவரை மணி அடிக்காது. இருபது வருஷம் இருந்தும் ஒயின் மாப்பிள்ளைக்கு இது நினைவுக்கு வரவில்லை. கடைசிப் பாட்டிலை வைத்துவிட்டு நிமிர முயன்றபோது, முற்றத்துக் கல்லில் மரச்செருப்புச் சத்தம் கேட்டது.

டொக், டொக், டொக்.

படி வழியாக ஏற முடியாது. இன்னொரு வழி, பீப்பாய் இறக்குகிற சரிவுப் பலகைக் கதவு. காலங்காலமாகத் துருப்பிடித்துக் கிடப்பதாகப் பெயர். தள்ளினான். எண்ணெய் போட்டது போல வழுவழுவென்று திறந்துகொண்டது. 'இதையும் தயார் பண்ணி வெச்சிருக்காரு, கெட்டிக்காரன்!' என்று பல்லைக் கடித்துக்கொண்டு தவழ்ந்து ஏறினான். ஏதோ ஒரு ஆணி கால்சட்டையைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தது. கால்சட்டை கிழிந்தது, லஸார் விடுபட்டான்.

வெளியே தலையை நீட்டினால், ஒடீல் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"ஈஸ்டர் முட்டை ஒளிச்சு வெச்சேன்."

"யாருக்கு?"

"குழந்தைங்களுக்கு."

"நம்ம வீட்டுல எந்தக் குழந்தை?"

லஸார் யோசித்தான். "ஒனோரேக்கு."

ஒடீல் அவன் புருவத்திலிருந்த சிலந்தி வலையை விரலால் எடுத்துப் போட்டாள். கூடத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து லஸார் நிலவறைக் கதவைப் பூட்டி, சாவியைக் கடிகாரத்துக்குள் மாட்டினான். சாயங்காலம் சமையலறையில் ஒடீல் அப்பாவை ஒரு நாற்காலியிலும் கணவனை இன்னொரு நாற்காலியிலும் கவிழ்த்து உட்கார வைத்து, ஒரே புட்டித் தைலத்தை இரண்டு முதுகிலும் தேய்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலதான் வலிக்குது" என்றாள். "அதிசயமா இருக்கு."

"ம்" என்றார் அஷீல்.

"ம்" என்றான் லஸார். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இருபது வருஷத்தில் அவன் கற்றுக்கொண்ட முதல் உள்ளூர்ச் சொல்.

*

ஈஸ்டர் திங்களன்று நீள மேஜையில் வெங்காயத்தாள் பணியாரமும், பீரில் வெந்த மாட்டிறைச்சியும், வாசனையாலேயே ஆளைத் தள்ளிவிடும் பாலாடைக்கட்டியும் இருந்தன. பாலாடைக்கட்டி யூலாலி அம்மாவுடையது. அண்டைப் பண்ணைக்காரி, தீர்ப்புச் சொல்ல வந்த இருவரில் ஒருத்தி. இன்னொருவர் கால்நடை மருத்துவர். லீல்காரரும் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோட்டுப் பையிலிருந்து அளவு நாடா எட்டிப் பார்த்தது. ஒனோரே பணியாரத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டான். அங்கே நின்றால் தட்டில் இருப்பதை முதலில் எடுக்கலாம்.

யூலாலி அம்மா நிலவறைக்கு இறங்கி, இரண்டு கூடைகளோடு ஏறி வந்தாள். ஒரு கூடையில் பாட்டில்களுக்கு மேல் மரச்செருப்பு. இன்னொன்றில் கார்க் திருகி.

முதலில் மரச்செருப்பு பீரை ஊற்றினார்கள். பொன்னிறமாக, அடக்கமான நுரையோடு இருந்தது.

"மோசமில்ல" என்றாள் யூலாலி அம்மா. "எப்பவும் போல."

மருத்துவரும் தலையாட்டினார்.

அஷீல் ஒரு மிடறு குடித்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு ஜன்னலைத் திறந்து வெளியே துப்பினார்.

"கழுதை மூத்திரம்" என்றார். "இந்த வருஷம் என் கை விட்டுடுச்சு. ஏதோ ஒரு அழுக்கு நாத்தம் அடிக்குது."

லஸாருக்கு ரத்தம் கொதித்தது. மரச்செருப்புக்குக் கீழே இருந்தது தன் பீர் அல்லவா? மற்றவர்களுக்கெல்லாம் மோசமில்லாத பீர், இந்த மனிதருக்கு மட்டும் நாற்றம் அடிக்கிறதாம்! நன்றாகக் கெடுத்து வைத்தவருக்குத்தானே எந்த இடத்தில் நாறும் என்று தெரியும்!

அடுத்ததாகக் கார்க் திருகி பீரை ஊற்றினார்கள். தம்ளரில் அது இறங்கியபோது மேஜையைச் சுற்றி எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். செம்பருந்தின் முதுகு போல ஒரு சிவப்பு.

"அம்மாடி, என்ன நிறம்!" என்றார் மருத்துவர். குடித்தார். கண்ணை மூடினார். தம்ளரை மறுபடி நீட்டினார். "கொஞ்சம் போல ஊத்துங்க. கொஞ்சம்னா, விளிம்புவரைக்கும்."

யூலாலி அம்மா மெல்லக் குடித்தாள். "இது இன்னும் மோசமில்ல" என்றாள். அந்த ஊரில் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஏனோ இன்னொன்றும் சொன்னாள்: "குளிர் காலத்துல ஆட்டுக்குட்டியை மடியில வெச்சிருக்கிற மாதிரி, ஒரு கதகதப்பு இருக்கு இதுல."

அஷீல் குடித்தார். உதட்டைத் துடைத்தார். எழுந்து நின்றார்.

"நல்லாயிருக்கு" என்றார்.

ஒடீலின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. பிறந்ததிலிருந்து அவள் கேட்காத சொல் அது.

"ரொம்ப நல்லாயிருக்கு மாப்ளே. இந்த மாதிரி பீரு இந்த வீட்டுல இதுவரைக்கும் காய்ச்சினதில்ல." அவர் கடிகாரத்தைத் திறந்து சாவியை எடுத்து, லஸாரின் கையில் வைத்து மூடினார். "கொப்பரை உங்களுது. லீல்காரரே, மன்னிக்கணும். வந்ததுக்குப் பாலாடைக்கட்டி சாப்பிட்டுட்டுப் போங்க."

லஸார் சாவியைப் பார்த்தான். கிழவரின் கை அவன் கையின் மேலேயே இருந்தது. தான் தோற்றதை இவ்வளவு பெருந்தன்மையாகச் சொல்கிற மனிதரைத் தன் வாழ்க்கையில் அவன் பார்த்ததில்லை. ஆனால் சந்தேகமே இல்லாமல் அந்தச் சிவப்பு பீர் அவருடையது. அதைக் காய்ச்சியவருக்கு, "என் கை விட்டுடுச்சு" என்று தன் வாயாலேயே சொல்ல நேர்ந்துவிட்டது. எதிரே ஒடீல் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டிலைக் கெடுத்தது அவர் குற்றமாகவே இருக்கட்டும். அதற்காக அவர் பீரைத் திருடிக்கொண்டு கொப்பரையை வாங்கிக்கொள்ள லஸாரால் முடியவில்லை. அவன் வாயை அடங்கச் சொன்னான்; வாய் கேட்கவில்லை.

"மாமா, இது என் பீரு இல்ல."

"என்னது?"

"இது உங்க பீரு. நீங்க துப்பினதுதான் என்னோடது. சனிக்கிழமை நீங்க புறா அடைக்கப் போனப்ப, நான்தான் ரெண்டு மாடத்தையும் மாத்தி அடுக்கினேன்."

மேஜையில் ஒரு ஈ பறந்தது. எல்லோரும் அந்த ஈயைப் பார்த்தார்கள். லீல்காரர் மட்டும் கோட்டுப் பையிலிருந்து அளவு நாடாவை மெதுவாக வெளியே எடுத்தார்.

அஷீலின் முகம் முதலில் சிவந்தது. பிறகு வெளுத்தது. பிறகு ஜன்னலை, தான் துப்பிய இடத்தை, வாய் பிளந்து பார்த்தார்.

"அப்படின்னா" என்று யூலாலி அம்மா தன் தம்ளருக்குள் விரலை விட்டாள், "உங்க பீருல எதுக்கு இது கெடக்கு அஷீல்?" அவள் விரல் நுனியில் ஈரமான ஒரு நூல் தொங்கியது. கம்பளி நூல். சிவப்பு.

லஸார் அந்த நூலைப் பார்த்தான். அஷீலும் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமனாரின் தலையில் இருந்தது சாம்பல் நிறத் தொப்பி. ஆயுள் முழுக்க அவர் அணிந்ததெல்லாம் சாம்பல் நிறத் தொப்பிதான். லஸாருக்குத் தலை சுற்றியது. இந்த வீட்டில் எந்தப் பாட்டிலில் எது இருக்கிறது என்று கடவுளுக்காவது தெரியுமா?

"மாமா" என்றான். குரல் கெஞ்சியது. "இருபது வருஷமா ஒரு நேரான பதில் கேட்டதில்ல. இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். குருத்தோலை ஞாயித்துக்கிழமை நிலவறைக்குள்ள போய் என் பாட்டிலையெல்லாம் என்ன பண்ணீங்க?"

அஷீல் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"ம்" என்றார்.

"இதுக்குப் போயி இவ்வளவு நேரமா?" என்றது அடுப்படி வாசலில் ஒரு குரல். ஒனோரே பணியாரத்தை அவசரமாக விழுங்கினான். "ரெண்டு நாளும் அந்தப் பெரிய பீப்பாய்க்குப் பின்னாலதான் நான் படுத்திருந்தேன். ரெண்டு பேரும் தனக்குத்தானே முணுமுணுத்ததெல்லாம் காதுல விழுந்துச்சு. பின்வரிசைப் பாட்டில்ல சிலது காணோம்னா அதை அப்புறம் பேசிக்கலாம். யாரும் கேக்கலைங்கிறதால நானும் சொல்லல."

எல்லோரும் திரும்பினார்கள். ஒனோரே சுண்ணாம்பு ஒட்டிய முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டான்.

"தொப்பி கொதிச்சதை ஜன்னல் வழியா பாத்த அப்பா, மாப்பிள்ளை மானம் போகக் கூடாதுன்னு ஞாயித்துக்கிழமையே தன் பீரை உங்க மாடத்துலயும் உங்க பீரைத் தன் மாடத்துலயும் மாத்தி வெச்சிட்டாரு அத்தான், சனிக்கிழமை நீங்க வந்து பழையபடி திருப்பி வெச்சிட்டீங்க, ஆக மொத்தம், இவங்க சப்புக்கொட்டிக் குடிச்சது உங்க தொப்பிச் சாறு, அப்பா கழுதை மூத்திரம்னு துப்பினது அவரோட சொந்த பீரு!"